வாவிக்கு இரண்டு கரை, அட்டவணையில் ஒரே எண்: மட்டக்களப்பு, அம்பாறையில் மனித மூலதன வேறுபாட்டை அளக்கப் புதிதாக இறங்குவோருக்கு

முதுமாணிப் பட்ட ஆய்வுக்காக இந்த வேலையைத் தொடங்கியபோது, மூன்று மாதத்தில் முடித்துவிடுவேன் என்று என் மேற்பார்வையாளரிடம் உறுதி சொன்னேன். பதினொரு மாதம் ஆனது. உண்மையான கணக்குக்குப் போன காலம் ஆறு வாரம்கூட இல்லை. மீதிக் காலமெல்லாம் தவறான பணிமனை வாசலில் தவறான கடிதத்தோடு காத்திருந்ததிலும், எல்லைகள் பொருந்தாத அட்டவணைகளை ஒன்றோடொன்று ஒட்டப் பார்த்ததிலும் கரைந்தது. உங்களுக்கு அந்தக் காலம் மிச்சமாக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மனித மூலதனம் என்பது மக்களிடம் சேர்ந்திருக்கும் கல்வி, உடல்நலம், திறன். அது நாட்டுக்குள் ஊருக்கு ஊர் எவ்வளவு மாறுகிறது என்பதே கேள்வி. கொழும்பில் இருந்து பார்ப்பவருக்கு மட்டக்களப்பு ஒரே எண்ணாகத் தெரியும். இங்கே வாழ்பவருக்கு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையும் மேற்குக் கரையான படுவான்கரையும் வேறு வேறு. வாவிக்குக் கிழக்கே கல்லடியில் வளரும் பிள்ளையும், மேற்கே வெள்ளாவெளிக்கு அப்பால் வளரும் பிள்ளையும் ஒரே சராசரிக்குள் அடங்கிவிட்டால், உதவி தேவைப்படும் பிள்ளை அட்டவணையில் இருந்து காணாமல் போகிறது. ஆகவே மாவட்டத்தோடு நின்றுவிடாமல் பிரதேச செயலகப் பிரிவு வரை இறங்கி அளக்கப் பாருங்கள்.

1. எண்ணைத் தொடுவதற்கு முன் எல்லையைத் தீர்மானியுங்கள்

நான் செய்த மிகப் பெரிய தவறு இங்கேதான். கல்வித் தரவும் சுகாதாரத் தரவும் தொகைமதிப்புத் தரவும் ஒரே எல்லைக்குள் வரும் என்று நினைத்துவிட்டேன். அவை வருவதில்லை.

மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. கல்வி நிர்வாகத்தில் அதே மாவட்டம் ஐந்து வலயங்களாகப் பிரிகிறது: மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, கல்குடா, பட்டிருப்பு. இவற்றில் மத்தி வலயத்தைக் கவனியுங்கள். அது வரைபடத்தில் ஒரே துண்டாக இல்லை. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்று இடைவெளி விட்டு இருக்கும் ஊர்களின் பாடசாலைகள் அதில் சேர்கின்றன. அதனால் வலய அளவிலான பரீட்சை முடிவை எடுத்து, இதுதான் ஏறாவூர்ப்பற்றின் நிலை என்று எழுதினால் அது பிழை.

அம்பாறையில் சிக்கல் இன்னும் அதிகம். கல்முனை வடக்கைத் தனியாக எண்ணினால் பிரதேச செயலகப் பிரிவுகள் 20, சேர்த்து எண்ணினால் 19. சில அட்டவணைகள் பிரிக்கின்றன, சில சேர்க்கின்றன. கல்வி வலயங்கள் ஏழு. சுகாதாரத்திலோ கல்முனை தனிப் பிராந்தியம். அதற்குத் தனியாகப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் இருக்கிறார். சுகாதார அமைச்சின் அட்டவணையில் 'அம்பாறை' என்று காணும் எண்ணில் கல்முனைப் பிராந்தியத்துக்கு உட்பட்ட கரையோர ஊர்கள் பெரும்பாலும் இல்லை. தொகைமதிப்பின் அம்பாறையில் அவையெல்லாம் இருக்கின்றன. இரண்டையும் வகுத்து வீதம் கண்டால், ஊர்கள் இல்லாத மேல் எண்ணை ஊர்கள் உள்ள கீழ் எண்ணால் வகுத்தவராகிவிடுவீர்கள்.

தீர்வு எளிது, ஆனால் பொறுமை வேண்டும். எக்செல்லில் ஒரு பாலம் அட்டவணை தயாரியுங்கள். ஒவ்வொரு வரியும் ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவு. அதற்கு எதிரே பிரதேச செயலகப் பிரிவு, கல்வி வலயம், கல்விக் கோட்டம், சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு, உள்ளூராட்சி மன்றம். மட்டக்களப்புக்கு மட்டும் முந்நூற்றுக்கும் மேற்பட்ட வரிகள் வரும். கிராமப் பெயரை நம்பி இணைக்காதீர்கள். ஒரே ஊரின் பெயர் மூன்று மொழிகளில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் குறியீட்டு எண்ணை வைத்தே இணையுங்கள். எனக்கு இதற்கு மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரம் முதலில் போயிருந்தால் பிறகு நான்கு மாதம் மிச்சமாகியிருக்கும்.

2. எந்த அளவுகோல் என்பதை எழுதி வையுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் உலக வங்கியின் மனித மூலதனச் சுட்டெண்ணில் இருந்தே தொடங்குகிறார்கள். அது தவறில்லை, ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்து பயன்படுத்துங்கள். 2020ஆம் ஆண்டுச் சுட்டெண்ணில் இலங்கைக்குக் கிடைத்தது 0.60. இன்று பிறக்கும் பிள்ளை, முழுக் கல்வியும் முழு நலமும் கிடைத்தால் அடையக்கூடிய உழைப்புத் திறனில் 60 சதவீதத்தை எட்டும் என்பது அதன் பொருள்.

அதைக் கையால் கணக்கிட்டுப் பாருங்கள். ஐந்து வயதுவரை உயிரோடு இருப்போர் 100க்கு 99. எதிர்பார்க்கப்படும் பாடசாலை ஆண்டுகள் 13.2, கற்றல் மதிப்பெண் 400. உயர் அளவான 625ஆல் 400ஐ வகுத்து 13.2ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 8.5. பிள்ளை 13 ஆண்டு பாடசாலைக்குப் போகிறது, ஆனால் கற்றது எட்டரை ஆண்டுக்குரியது. முழுக் கல்வி 14 ஆண்டு. குறைவு 5.5 ஆண்டு, ஆண்டுக்கு 8 சதவீதம் என்று எக்செல்லின் எக்ஸ்ப் (EXP) சார்பில் −0.44 இட்டால் 0.644. நலத்துக்கு: 15 வயதினர் 60 வயதுவரை வாழும் வீதம் 0.90, வயதுக்கேற்ற உயரம் உள்ள குழந்தைகள் 0.83. முதலாவதின் குறைவை 0.65ஆலும் இரண்டாவதின் குறைவை 0.35ஆலும் பெருக்கிச் சராசரி எடுத்தால் −0.062, எக்ஸ்ப் சார்பில் 0.94. மூன்றையும் பெருக்குங்கள்: 0.99 × 0.644 × 0.94 = 0.60.

இப்போது ஓர் எண்ணை மட்டும் மாற்றிப் பாருங்கள். உயரம் குன்றிய குழந்தைகள் 17 சதவீதத்தில் இருந்து 27 ஆகக் கூடினாலும் சுட்டெண் 0.60இல் இருந்து 0.59க்கு மட்டுமே இறங்குகிறது. கற்றல் ஒரு ஆண்டு கூடினாலோ 0.65க்கு ஏறிவிடும். பத்துக் குழந்தைகளில் ஒரு குழந்தை கூடுதலாகக் குன்றிப்போவதை இந்தச் சுட்டெண் ஏறத்தாழ மறைத்துவிடுகிறது. ஆகவே பிரதேச வேறுபாட்டைப் பேசும்போது இறுதி எண்ணை மட்டும் வெளியிடாதீர்கள். அதன் உறுப்புகளைத் தனித்தனி நிரலாகக் காட்டுங்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை.

பிரதேச செயலக மட்டத்தில் இந்தச் சுட்டெண்ணை முழுமையாகக் கட்ட முடியாது. அங்கே இயலக்கூடியவை: 25 வயதுக்கு மேற்பட்டோரின் சராசரிக் கல்வி ஆண்டுகள், சாதாரண தரம் சித்தியடைந்தோர் பங்கு, ஐந்து வயதுக்கு உட்பட்டோரின் உயரக் குறைவு, பாடசாலை இடைவிலகல். நான்கையும் நேர்மையாக அளந்தாலே போதும்.

3. கடிதங்களை முதல் வாரத்திலேயே தயாரியுங்கள்

கையில் இருக்க வேண்டியவை: உங்கள் நிறுவனத் தலைவர் அல்லது துறைத்தலைவர் கையொப்பமிட்ட அறிமுகக் கடிதம், இரண்டு பக்க ஆய்வுச் சுருக்கம், கேட்கும் தரவின் பட்டியல் (எந்த ஆண்டு, எந்த மட்டம், எந்த மாறி), அடையாள அட்டைப் பிரதி. பிள்ளைகளை அளப்பதானால் அல்லது சுகாதாரப் பதிவுகளைப் பார்ப்பதானால் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். அந்தக் குழுக்கள் தினமும் கூடுவதில்லை. அடுத்த கூட்டத் திகதியைக் கேட்டு அதற்கேற்ப விண்ணப்பியுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மாகாணப் பாடசாலைகளுக்கான அனுமதி மாகாணக் கல்விப் பணிப்பாளரிடம், அதாவது திருகோணமலையில். தேசிய பாடசாலைகள் மத்திய கல்வி அமைச்சின் கீழ் வருகின்றன. மாகாணக் கடிதத்தோடு தேசிய பாடசாலை ஒன்றின் வாசலுக்குப் போய் நான் திரும்பி வந்தேன். அதிபர் மரியாதையாகவே சொன்னார், குற்றம் அவருடையதல்ல. இரண்டு விண்ணப்பங்களையும் ஒரே நாளில் அனுப்புங்கள்.

கிழக்கு மாகாணப் பணிமனைகளுக்குத் தமிழிலேயே எழுதலாம். மத்திய கல்வி அமைச்சு இருக்கும் பத்தரமுல்லைக்கு அனுப்புவதைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதினால் ஒரு சுற்று மொழிபெயர்ப்புக் காலம் மிச்சம். கொடுத்த ஒவ்வொரு கடிதத்தின் பிரதியிலும் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் திகதியும் வாங்குங்கள். முத்திரை இல்லாத என் கடிதம் ஒரு பணிமனையில் ஐந்து வாரம் தேடப்பட்டது. கடைசியில் புதிதாக எழுதிக் கொடுத்தேன்.

4. எந்தத் தரவு எதுவரை இறங்கும்

தொகைமதிப்புத்தான் கிராம உத்தியோகத்தர் பிரிவுவரை இறங்கும். 2012 மார்ச் மாதத் தொகைமதிப்பில் மட்டக்களப்பின் சனத்தொகை 5 லட்சத்து 26 ஆயிரத்தைக் கடந்திருந்தது. அடுத்த தொகைமதிப்பின் கணிப்பு நாள் 2024 டிசெம்பர் 19. காலப்போக்கு ஒப்பீடு செய்ய விரும்புபவர்கள் 2001ஐத் தொடாதீர்கள். அந்த ஆண்டு அம்பாறையில் கணக்கெடுப்பு முழுமையாக நடந்தது, மட்டக்களப்பில் போர் காரணமாக முழுமையாக நடக்கவில்லை. மட்டக்களப்புக்கு முழுமையான முந்திய ஆண்டு 1981. இரண்டு மாவட்டங்களையும் 2001இல் வைத்து ஒப்பிட்ட கட்டுரைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒப்பீட்டுக்கு அடித்தளமே இல்லை.

தொழிற்படை மதிப்பீடு, வீட்டு வருமான செலவின மதிப்பீடு, 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார மதிப்பீடு ஆகியவை மாதிரி ஆய்வுகள். இவை மாவட்டம்வரைதான். ஏன் என்று ஒரு பெருக்கலில் காட்டுகிறேன். தொழிற்படை மதிப்பீடு ஆண்டுக்குச் சுமார் 25,000 வீடுகளை எடுக்கிறது. 25 மாவட்டங்களுக்குப் பகிர்ந்தால் சராசரியாக 1,000. அதை மட்டக்களப்பின் 14 பிரிவுகளுக்குப் பகிர்ந்தால் பிரிவுக்குச் சுமார் 70 வீடுகள். 70 வீடுகளில் கண்ட 50 சதவீதம் என்பது 38 ஆகவும் இருக்கலாம், 62 ஆகவும் இருக்கலாம். மூலத்தரவைக் கையில் வாங்கியதும் பிரிவு வாரியாக வெட்டிப் பார்க்கும் ஆசை வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள்.

மூலத்தரவு உங்களுக்கு வேறொன்றுக்குப் பயன்படும்: மொத்த ஏற்றத்தாழ்வில் எவ்வளவு மாவட்டங்களுக்கு இடையில், எவ்வளவு மாவட்டங்களுக்கு உள்ளே என்று பிரிக்கலாம். ஏற்றத்தாழ்வை இப்படி இரண்டு பங்காகப் பிரித்துக் காட்டும் தெய்ல் (Theil) சுட்டெண் இதற்கு ஏற்றது. உள்ளே இருக்கும் பங்கு பெரிதாக வந்தால், மாவட்டச் சராசரியை வைத்து நிதி பகிர்வது ஏன் போதாது என்பதற்கு உங்களிடம் சான்று இருக்கிறது.

கச்சேரியில் உள்ள மாவட்டப் புள்ளிவிபரக் கிளையில் மாவட்டப் புள்ளிவிபரக் கைநூல் கிடைக்கும். முதலில் அங்கே போங்கள். அங்குள்ள உத்தியோகத்தர்களுக்குத் தெரிந்த எல்லை மாற்றங்கள் எந்த நூலிலும் இல்லை.

5. கிடைக்காததைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் உங்களுக்காகவே இருக்கிறது. இலங்கைப் பிரசை எவரும் மூன்று மொழிகளில் எதிலும் விண்ணப்பிக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பக் கட்டணம் இல்லை. முதல் நான்கு பக்கங்கள் இலவசம், அதற்குப் பின்னரே பிரதிக் கட்டணம். மின்னஞ்சலில் கேட்டால் செலவே வராது, எண்களைத் திரும்பத் தட்டச்சு செய்யும் வேலையும் இல்லை.

கால எல்லைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கட்டணம் கட்டியதில் இருந்து 14 நாட்களுக்குள் தகவல் தர வேண்டும். தேவைப்பட்டால் அவர் மேலும் 21 நாள் எடுக்கலாம். மறுத்தாலோ பதில் வராவிட்டாலோ 14 நாட்களுக்குள் குறித்தொதுக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அதற்கும் பிறகு இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு.

கேள்வியைத் துல்லியமாக எழுதுங்கள். 'வலயத்தின் கல்வி நிலை பற்றிய விபரங்கள்' என்று கேட்ட எனக்கு ஒரு பக்கப் பாராட்டுரை வந்தது. 'இன்ன வலயத்தில் உள்ள ஒவ்வொரு பாடசாலையிலும், இன்ன ஆண்டில் தரம் 1, 6, 11 ஆகியவற்றில் இருந்த மாணவர் எண்ணிக்கை, ஆண், பெண் தனியாக' என்று கேட்டபோது பன்னிரண்டாம் நாள் அட்டவணை வந்தது. பணிமனையிடம் இருக்கும் பதிவையே கேளுங்கள். அவர்களை உங்களுக்காகக் கணக்குப் போடச் சொல்லாதீர்கள்.

6. சராசரிக் கல்வி ஆண்டுகள்: இலகுவாகத் தோன்றும், ஏமாற்றும்

தொகைமதிப்பு அட்டவணை கல்வியை வகைகளாகத் தருகிறது: பாடசாலை செல்லாதோர், ஆரம்பம், இடைநிலை, சாதாரண தரம், உயர்தரம், பட்டம். இவற்றை ஆண்டுகளாக மாற்றுவது உங்கள் பொறுப்பு. ஆரம்பம் என்றால் ஐந்து ஆண்டா, மூன்றாம் தரத்தில் நின்றவரும் அதற்குள்தானா?

பயிற்சிக்காக 100 பெரியவர்களை எடுத்துக்கொள்வோம்: செல்லாதோர் 8, ஆரம்பம் 32, இடைநிலை 40, சாதாரண தரம் 12, உயர்தரம் 6, பட்டம் 2. ஆரம்பத்துக்கு 5, இடைநிலைக்கு 10, பிறகு 11, 13, 16 என்று ஆண்டுகளை நிறையாகக் கொடுத்தால் சராசரி 8.02 ஆண்டு. ஆரம்பத்துக்கு 3, இடைநிலைக்கு 8 என்று நிறை கொடுத்தால் 6.58. ஆட்கள் அதே 100 பேர், ஆனால் ஒன்றரை ஆண்டுக்கு அருகில் வித்தியாசம். எல்லாப் பிரிவுக்கும் ஒரே நிறையைப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். ஆரம்பக் கல்வியோடு நின்றவர்கள் அதிகமுள்ள பிரிவை அந்தத் தேர்வு கூடுதலாகப் பாதிக்கிறது. ஆகவே இரண்டு நிறைகளிலும் கணக்கிட்டு, பிரிவுகளின் வரிசை மாறுகிறதா என்று பாருங்கள். மாறாத வேறுபாட்டை மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள்.

வயது வரம்பையும் பாருங்கள். சில அட்டவணைகளில் இன்னும் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் சேர்ந்திருப்பார்கள். பிள்ளைகள் அதிகமுள்ள பிரிவு அதனால் கல்வி குறைந்ததுபோலத் தோன்றும். 25 வயதும் அதற்கு மேலும் என்ற அட்டவணையைத் தேடுங்கள்.

நேரில் கேட்டாலும் எளிதல்ல. கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஓர் அம்மாவிடம் எதுவரை படித்தீர்கள் என்று கேட்டேன். "ஒன்பதாம் ஆண்டு, தம்பி" என்றார். படிவத்தில் 9 என்று எழுதினேன். எழுந்து புறப்படும்போது, படலையைப் பிடித்துக்கொண்டு அவரே தொடர்ந்தார்: ஒன்பதில் சேர்ந்து இரண்டு மாதம்தான் போனாராம், பிறகு இடம்பெயர்ந்து போனார்கள், ஏழாம் ஆண்டும் பாதியில்தான் போனதாம். திரும்பி உட்கார்ந்து 9ஐ வெட்டினேன். அன்றிலிருந்து என் படிவத்தில் இரண்டு கேள்விகள்: எந்த ஆண்டில் கடைசியாக இருந்தீர்கள், எந்த ஆண்டை முழுதாக முடித்தீர்கள். போர்க்காலத்தில் பாடசாலைப் பருவத்தைக் கழித்த தலைமுறைக்கு இந்த இரண்டும் வேறு வேறு எண்கள். ஒரே கேள்வியோடு போனால் அவர்கள் இழந்த ஆண்டுகளை நீங்களும் ஒருமுறை அழித்துவிடுவீர்கள்.

7. கற்றல் தரம்

சாதாரண தரச் சித்தி வீதம்தான் கிடைப்பதில் நல்லது. ஆனால் அந்த வீதத்தின் கீழ் எண் பரீட்சைக்குத் தோற்றியவர்கள். பத்தாம் தரத்துக்கு முன்பே விலகி மீன்பிடிக்கோ கல் உடைக்கவோ போன பையன் அதில் இல்லை. ஆகவே தரம் 11இல் சித்தியடைந்தோரைப் பத்து ஆண்டுகளுக்கு முன் தரம் 1இல் சேர்ந்தோரால் வகுத்தும் பாருங்கள். இரண்டு வீதங்களுக்கும் உள்ள இடைவெளிதான் இடைவிலகலின் உருவம். இடையில் வலயங்கள் பிரிக்கப்பட்டிருந்தால் பாடசாலை வாரியாகக் கூட்டுங்கள்.

இன்னொன்று: பாடசாலை இருக்கும் இடமும் பிள்ளை வாழும் இடமும் வேறு. படுவான்கரையில் வசதியுள்ள பெற்றோர் பிள்ளைகளை நகரப் பாடசாலைகளில் சேர்க்கிறார்கள். அந்தப் பிள்ளை நன்றாகச் செய்தால் பெருமை நகரம் இருக்கும் மண்முனை வடக்குப் பிரிவுக்குப் போகிறது. ஊரில் வாழும் பிள்ளைகள் 100 பேருக்குப் பாடசாலையில் சேர்ந்தோர் எத்தனை என்று காட்டும் சேர்வு வீதம் நகரத்தில் 100ஐத் தாண்டுவதும் இதனால்தான். பரீட்சை முடிவுகளை 'பாடசாலைகளின் நிலை' என்று தலைப்பிடுங்கள், 'மக்களின் நிலை' என்று எழுதாதீர்கள்.

பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியைச் சிலர் அளவுகோலாக எடுக்கிறார்கள். வேண்டாம். கலைத்துறை தவிர்ந்த துறைகளில் 40 சதவீத இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகைக்கு, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பதினாறில் இருக்கின்றன. வெட்டுப்புள்ளி இடங்களின் எண்ணிக்கையோடு ஏறி இறங்கும். அது கடைசியாக உள்ளே போனவரின் புள்ளி, மாவட்டத்தின் சராசரியல்ல.

8. உடல்நலம்: பதிவு நடக்கும் இடத்தைக் கவனியுங்கள்

பிறப்பும் இறப்பும் நிகழ்ந்த இடத்தில் பதிவாகின்றன. வெள்ளாவெளித் தாய் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் பெற்ற குழந்தை அங்கேயே இறந்தால், அந்த இறப்பு நகரத்தின் கணக்கில் ஏறும். அதனால் பெரிய வைத்தியசாலை உள்ள ஊர் ஆபத்தானதாகவும், எந்த வசதியும் இல்லாத ஊர் பாதுகாப்பானதாகவும் தெரியும். தாயின் வழமையான வதிவிடம் வாரியாகக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் குழந்தை இறப்பு வீதத்தைப் பிரிவு வாரியாகக் காட்டவே காட்டாதீர்கள்.

உயரக் குறைவுக்கு நம்பத்தக்க இடம் குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேடு. தேசிய மட்டத்தில் 2016 மதிப்பீடு 17.3 சதவீதம் என்றது. நுவரெலியாவில் அது 32.4. நாட்டுக்குள்ளேயே ஏறத்தாழ இரண்டு மடங்கு. இங்கே ஊர் மட்டத்தில் பார்க்க ஒரு கிளினிக்கில் முழுக் காலையும் உட்கார்ந்தேன். ஒன்றேமுக்கால் வயதுக் குழந்தையை அளவுப் பலகையில் கிடத்தினார்கள். தலையை அம்மா பிடிக்க, குடும்பநல மிஸ் முழங்காலை மெல்ல அழுத்த, குழந்தை அழுது காலை மடக்கியது. முதல் வாசிப்புக்கும் இரண்டாவதுக்கும் ஒன்றரைச் சென்ரிமீற்றர் வித்தியாசம். அவர் மூன்றாவது முறை அளந்து, பொருந்திய இரண்டின் சராசரியை எழுதினார். வெளியே இன்னும் இருபது தாய்மார் காத்திருந்தார்கள்.

நீங்கள் அளப்பதானால் அவரைப் போலவே செய்யுங்கள். இரண்டு வயதுக்குக் குறைந்தவர்களைக் கிடத்தி, மேற்பட்டவர்களை நிறுத்தி அளக்க வேண்டும். சிறு குழந்தையை நிறுத்தி அளந்துவிட்டால் 0.7 சென்ரிமீற்றர் கூட்டுங்கள். வயதைத் தாயிடம் கேட்காமல் கிளினிக் அட்டையில் உள்ள பிறந்த திகதியில் இருந்து நாள் கணக்கில் எடுங்கள். ஒரு மாதம் பிழைத்தால் எல்லைக்கோட்டில் இருக்கும் குழந்தை பக்கம் மாறிவிடும்.

9. களத்துக்குப் போவதானால்: ஆள், காலம், பணம்

இரண்டு கரைகளையும் ஒப்பிட, ஐந்து சதவீதப் பிழை எல்லைக்குள் ஒரு கரைக்கு 384 வீடுகள் தேவை. கிராமம் கிராமமாகக் கொத்தாக எடுப்பதால் ஒன்றரை மடங்காக்குங்கள்: 576. நான்கு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு வீடு முடித்தால் ஒரு கரைக்கு 18 நாள். எழுவான்கரையில் இதைவிட வேகமாகப் போகும். படுவான்கரையில் எட்டைத் தாண்டுவது கடினம், வீட்டுக்கு வீடு தூரம் அதிகம்.

என் செலவில் பாதிக்கும் மேல் போக்குவரத்து. மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கம் எளிதாகிவிட்டது. குருமண்வெளியில் இருந்து மண்டூருக்கு நாங்கள் 'பாதை' என்று சொல்லும் மிதவையில் போனால் சுற்றுவழி மிச்சம். ஆனால் கடைசிப் பாதை எத்தனை மணிக்கு என்று காலையிலேயே கேட்டு வையுங்கள். அச்சுப் படிவத்துக்குப் பணம் செலவழிக்காமல் கைத்தொலைபேசிச் செயலியில் படிவம் அமையுங்கள். சேமித்த பணத்தில் கணக்கெடுப்பாளருக்கு மதியச் சாப்பாடு கொடுங்கள். அவர்கள் அந்த ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகளாக இருந்தால் கதவு திறக்கும்.

நவம்பர் முதல் ஜனவரி வரை போகாதீர்கள். கிரானுக்கு மேற்கே வெள்ளம் வந்தால் ஊர்களே துண்டிக்கப்படும். தப்பி வீட்டில் இருப்பவர்களை மட்டும் எண்ணினால் மாதிரி சாய்ந்துவிடும். அறுவடைக் காலத்தில் ஆண்கள் வயல் வாடியில் இருப்பார்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் ஊர்களில் அந்த வாரம் கேள்வி கேட்கப் போவது மரியாதையல்ல. எனக்கு நன்றாக அமைந்தது ஜூன் நடுப்பகுதி முதல் ஜூலை முடிவுவரை. டிசெம்பரில் பணிமனைகள் கணக்கு முடிப்பதில் இருக்கும். ஜனவரியில் இடமாற்றம் வந்து உங்கள் கோப்பைத் தெரிந்தவரே போய்விடலாம்.

10. வெளிநாட்டில் இருப்பவர்கள்

மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிக்குப் போன பெண்கள் வழமையான வதிவோர் கணக்கில் வருவதில்லை. அவர்களின் கல்வியும் திறனும் ஊரின் சராசரியில் இல்லை, அவர்கள் அனுப்பும் பணம் ஊரின் செலவில் இருக்கிறது. உங்கள் படிவத்தில் 'ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருப்பவர்' என்று தனிப் பக்கம் வையுங்கள்: வயது, பால், முடித்த தரம், போன ஆண்டு. சராசரியை அவர்களைச் சேர்த்தும் சேர்க்காமலும் கணக்கிடுங்கள்.

11. முடிவை எப்படிக் கொடுப்பது

பத்துப் பேருக்குக் குறைந்த கலங்களை அட்டவணையில் காட்டாதீர்கள். சிறிய கிராமத்தில் 'பட்டதாரி 1' என்றால் அது யார் என்று ஊருக்கே தெரியும். 'பின்தங்கிய கிராமம்' என்ற தலைப்போடு கிராமப் பெயரை வெளியிடாதீர்கள். அந்தப் பெயர் அங்கே படிக்கும் பிள்ளையின் மேல் ஒட்டிக்கொள்ளும். பிரிவு மட்டத்தில் பெயர் சொல்லுங்கள், கிராம மட்ட எண்ணைப் பிரதேச செயலாளரிடம் மட்டும் கொடுங்கள்.

ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஆண்டு, எல்லை, பிழை எல்லை மூன்றும் இருக்கட்டும். 7.1 ஆண்டும் 7.3 ஆண்டும் உள்ள இரண்டு பிரிவுகளைத் தரவரிசைப்படுத்த வேண்டாம். மூன்று தொகுதிகளாகப் பிரித்து வண்ணமிடுங்கள்.

முழு அறிக்கையை அனுப்பினால் அலுமாரிக்குள் போகும். பிரிவுக்கு ஒரு பக்கம் தமிழில் அச்சிட்டு, அடுத்த ஆண்டுத் திட்டம் தயாராகும் முன் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள். கூட்டத் திகதியைப் பிரதேச செயலகத் திட்டமிடல் கிளையில் கேட்கலாம். அம்பாறையில் சிங்களப் பிரதியும் வேண்டும். ஒரு பிரதியைக் குடும்பநல உத்தியோகத்தரிடமும் ஒன்றை வலயத்தின் திட்டமிடல் பிரிவிலும் நேரில் கொடுங்கள். பாலம் அட்டவணையை ஒரு பென்டிரைவில் போட்டுக் கச்சேரிப் புள்ளிவிபரக் கிளையில் விட்டுவிட்டு வாருங்கள். அடுத்து வருபவருக்கு அந்த மூன்று வாரமும் தேவைப்படாது.